வீட்டுக்குள் குஞ்சு வளர்க்க எந்தச் சூடு நல்லது? பாதுகாப்பும் செலவும் பார்த்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு நாள் வயதுக் குஞ்சுகளைப் பத்தோ ஐம்பதோ வாங்கி வந்து, தனிக் கொட்டகை எதுவும் இல்லாமல், வீட்டின் ஒரு அறையிலோ மூடிய வராந்தாவிலோ முதல் மூன்று நான்கு வாரம் வளர்க்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தீனி பற்றியும் தடுப்பூசி பற்றியும் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். சூடு என்று வந்தால் மட்டும் "ஒரு பல்பைப் போட்டு விடுங்க, போதும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். முதல் வாரத்தில் குஞ்சு சாவதற்குக் குளிரும் அதிகச் சூடும் பெரிய காரணங்கள், ஆனால் வாடிப்போன குஞ்சைப் பார்த்ததும் பலர் நோய் என்று நினைத்து மருந்துக் கடைக்குத்தான் ஓடுகிறார்கள்.

பொரித்து வந்த குஞ்சுக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. மேலே இருக்கும் பஞ்சு போன்ற தூவி குளிரைத் தாங்காது. இறகு முளைத்து உடம்பை மூட நான்கு வாரத்துக்கு மேல் ஆகும். தாய்க்கோழி இருந்தால் அதன் வயிற்றுக்கடியில் போய் ஒண்டிக்கொள்ளும், சூடு ஏறியதும் வெளியே வந்து மேயும், மறுபடி குளிர்ந்தால் உள்ளே ஓடும். அந்த உள்ளே வெளியே போக்குவரத்துதான் முக்கியம். எந்தக் கருவி வாங்கினாலும் சரி, குஞ்சு சூட்டுக்குப் பக்கத்தில் வரவும் சூட்டை விட்டு விலகவும் இடம் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

முதலில் அடைக்கோழியைக் கேட்டுப் பாருங்கள்

உங்களிடமோ பக்கத்து வீட்டிலோ அடை கிடக்கும் நாட்டுக்கோழி இருக்கிறதா? இருந்தால் அதைவிட மலிவான, பாதுகாப்பான சூடு வேறு கிடையாது. கோழி சில நாட்களாக விடாமல் அடையில் உட்கார்ந்திருக்க வேண்டும். இரவு நன்றாக இருட்டிய பிறகு, விளக்கு போடாமல், ஒரு நாள் இரண்டு நாள் வயதான குஞ்சுகளை ஒவ்வொன்றாக அதன் அடியில் தள்ளி விடுங்கள். விடியும்போது கோழி கொக்கரித்துக் குஞ்சுகளைக் கூப்பிட்டால் ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். கொத்த ஆரம்பித்தால் உடனே பிரித்துவிடுங்கள், கட்டாயப்படுத்த வேண்டாம். ஒரு கோழியின் இறகுக்கடியில் பத்துப் பன்னிரண்டு குஞ்சு அடங்கும், அதற்கு மேல் வைத்தால் ஓரத்தில் இருப்பது குளிரில் மாட்டிக்கொள்ளும். கோழிக்குப் பேன் இருக்கிறதா என்று இறகை விலக்கிப் பார்த்துவிட்டு வையுங்கள், இல்லையென்றால் அன்றைக்கே குஞ்சுக்கும் ஏறிவிடும்.

அடைக்கோழி இல்லாதவர்கள் தொடர்ந்து படிக்கவும்.

எவ்வளவு சூடு வேண்டும்

முதல் வாரம் குஞ்சின் முதுகு உயரத்தில் 95 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 35 டிகிரி செல்சியஸ். அப்புறம் வாரத்துக்கு 5 டிகிரி ஃபாரன்ஹீட் குறைத்துக்கொண்டே வர வேண்டும். இரண்டாம் வாரம் 90, மூன்றாம் வாரம் 85, நான்காம் வாரம் 80. செல்சியஸில் பார்ப்பவர்கள் வாரத்துக்குச் சுமார் 3 டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். முதுகு உயரம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அறைச் சுவரில் தொங்கும் வெப்பமானி அறையின் சூட்டைத்தான் காட்டும், அது குஞ்சுக்கு உதவாது. வெப்பமானியின் முனை பரப்பிய உமிக்கு இரண்டு அங்குலம் மேலே, பல்புக்கு நேர் கீழே இல்லாமல் வெளிச்ச வட்டத்தின் ஓரத்தில் இருக்க வேண்டும். நீளமான வயரில் உணர்முனை தொங்கும் சின்ன டிஜிட்டல் வெப்பமானி ஒன்று வாங்கிவிடுங்கள், விலை அதிகம் இல்லை.

இந்தக் கணக்கை நம் ஊர் வெயிலோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சித்திரை, வைகாசியில் மதுரையிலோ வேலூரிலோ பகலில் அறையே 37, 38 டிகிரி செல்சியஸ் தொடும்போது பல்பு போட்டால் குஞ்சு வெந்துபோகும். அந்த மாதங்களில் பகலில் அணைத்துவிட்டு இரவிலும் விடியற்காலையிலும் மட்டும் போட்டால் பல நாள் போதும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் மார்கழியில் இதே பல்பு இரண்டு மடங்கு போட்டாலும் திறந்த பெட்டியில் சூடு நிற்காது. அதனால் இன்னொருவர் வீட்டில் எத்தனை வாட் போட்டார்கள் என்று கேட்டு அப்படியே செய்வதில் பலன் குறைவு.

எந்தச் சூடு, எது வேண்டாம்

குண்டு பல்பு, அதாவது உள்ளே இழை எரியும் பழைய பல்பு. என் முதல் தேர்வு இதுதான். மின்சாரத்தின் பெரும்பகுதி வெளிச்சமாகாமல் சூடாகப் போகிறது என்பதால்தான் வீட்டு விளக்காக இதை ஒதுக்கினார்கள், குஞ்சுக்கு அந்தக் குறைதான் வேண்டும். முன்புபோல் எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை, பழைய எலக்ட்ரிக்கல் கடைகளிலும் கோழித் தீவனக் கடைகளிலும் கேளுங்கள், கிடைத்தால் கூடுதலாக இரண்டு மூன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எல்இடி பல்பு இந்த வேலைக்கு உதவாது. 9 வாட் எல்இடி, 60 வாட் குண்டு பல்பு அளவுக்கு வெளிச்சம் தரும், ஆனால் சூடு 9 வாட்டுக்கு உள்ளதுதான். "பல்பு எரியுதே, குஞ்சு ஏன் நடுங்குது" என்று கேட்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பல்பு எந்த வகை என்பதைத்தான்.

குஞ்சுக்கு 2 வாட் என்று ஒரு கணக்கைப் பண்ணைகளில் சொல்வார்கள். நூறு குஞ்சுக்கு 200 வாட், சரி. பத்துக் குஞ்சுக்கு 20 வாட் என்று போட்டால் வேலைக்காகாது. கூட்டமாக இருக்கும் குஞ்சுகள் ஒன்றுக்கொன்று சூடு கொடுக்கும், பத்துக் குஞ்சில் அது குறைவு. பெட்டியோ தன் பங்குக்குச் சூட்டை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். வீட்டுக்குள் பத்து முதல் இருபத்தைந்து குஞ்சு வரை இரண்டு 60 வாட் பல்பு, குளிர் இல்லாத ஊரில் இரண்டு 40 வாட், இதில் தொடங்கி வெப்பமானியைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். ஏன் ஒரு 100 வாட் போடாமல் இரண்டு சின்னது? நடு ராத்திரியில் ஒரு பல்பு இழை அறுந்து போனால் இன்னொன்று விடியும் வரை உயிரைக் காப்பாற்றும். செலவும் பெரிதாகக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அகச்சிவப்பு விளக்கு, 150, 250 வாட்டில் வருவது. நூறு குஞ்சுக்கு மேல், உயரமான கூரையுள்ள கொட்டகையில் நல்லது. வீட்டுக்குள் அட்டைப்பெட்டிக்கு மேல் 250 வாட் விளக்கைத் தொங்கவிடுவதை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். விழுந்தால் உமி பற்றிக்கொள்ளும், உமியோடு அட்டை, அட்டையோடு திரைச்சீலை. அமெரிக்காவில் குளிர்காலத்தில் கோழிக்கூடு எரியும்போதெல்லாம் இந்த விளக்கின் பெயர்தான் அதிகம் அடிபடும், அங்கே தீயணைப்புத் துறையினர் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறார்கள். இன்னொன்றும் உண்டு. சில விளக்குகளில் கண்ணாடி சிதறாமல் இருக்க டெஃப்ளான் வகைப் பூச்சு போட்டிருப்பார்கள், சூடேறும்போது அதிலிருந்து வரும் புகை பறவைகளைக் கொன்றுவிடும். 'உடைந்தாலும் சிதறாது' என்று எழுதியிருந்தால் வாங்காதீர்கள். நான்ஸ்டிக் வாணலி அளவுக்கு மீறிச் சூடேறினாலும் இதே புகைதான் வரும், ஆகவே குஞ்சுப் பெட்டியைச் சமையலறையில் வைக்கவே வேண்டாம்.

பீங்கான் வெப்ப உமிழி என்று ஒன்று, செல்லப்பிராணிக் கடைகளில் பாம்பு, ஆமை வளர்ப்பவர்களுக்கு விற்பார்கள். வெளிச்சமே வராது, சூடு மட்டும்தான். இரவு இருட்டாக இருப்பதால் குஞ்சு நன்றாகத் தூங்கும், கொத்திக்கொள்வதும் குறையும், பல்பைவிட நீண்ட நாள் உழைக்கும். எரிகிறதா இல்லையா என்று கண்ணால் தெரியாததுதான் இதன் சிக்கல், தொட்டுப் பார்க்கவும் முடியாது, கை வெந்துவிடும். வெப்பமானி இல்லாமல் இதை வைக்கக் கூடாது. கட்டாயம் பீங்கான் ஹோல்டர் வேண்டும், பிளாஸ்டிக் ஹோல்டர் உருகிவிடும்.

வெப்பத் தகடு என்பது நான்கு காலில் நிற்கும் சின்ன மேசை போல இருக்கும், குஞ்சு அடியில் நுழைந்து முதுகைத் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். தாய்க்கோழிக்கு மிக நெருக்கமான ஏற்பாடு இதுதான். மின்செலவும் மிகக் குறைவு, தீப்பிடிக்கும் பயமும் குறைவு. நம் ஊரில் விலை சில ஆயிரம் ரூபாய் ஆகும் என்பதால் வருடத்தில் ஒரு முறை இருபது குஞ்சு வளர்ப்பவருக்குக் கட்டாது. அடிக்கடி வளர்ப்பவர், வீட்டில் வயதானவர்களோ சின்னக் குழந்தைகளோ இருப்பவர், தாராளமாக வாங்கலாம். தகடு அறையைச் சூடாக்காது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், மிகவும் குளிரான அறையில் இது தனியாகப் போதாது.

இடுப்பு வலிக்கு வைக்கும் மின்சூட்டு ஒத்தடப் பையைச் சிலர் குஞ்சுக்குப் போடுகிறார்கள். அவற்றில் பலவும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தானாக அணைந்துவிடும்படி செய்யப்பட்டவை, இரவில் நம்ப முடியாது. காற்றை ஊதும் அறை ஹீட்டரும் வேண்டாம். காற்று குஞ்சை உலர்த்தும், தூசியை இழுத்து உள்ளே சேர்க்கும், அந்தத் தூசி ஒரு நாள் பற்றும்.

இப்போது கரி. கிராமங்களில் மண்பானையில் ஓட்டை போட்டு உள்ளே அடுப்புக்கரியைக் கனிய வைத்து, கொட்டகை நடுவில் வைப்பார்கள். நாலு பக்கமும் காற்று போகும் கொட்டகையில் அது பல காலமாக நடந்து வரும் முறை, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் வீட்டு அறைக்குள், ஜன்னலை மூடிக்கொண்டு கரியோ விறகோ ஒருபோதும் வைக்காதீர்கள். கரி எரிவதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. குஞ்சு மட்டுமல்ல, பக்கத்து அறையில் தூங்கும் ஆளும் எழுந்திருக்க மாட்டார். மின்சாரம் போன இரவில் அவசரத்துக்குக்கூட வேண்டாம். சமையல் சிலிண்டரில் ஓடும் எரிவாயுப் புரூடரும் (குஞ்சுக்குச் சூடு தரும் கருவி) வீட்டுக்குள் இதே காரணத்தால் கூடாது.

பெட்டியை அமைப்பது

பெட்டி நீளமாக இருக்கட்டும். இருபது குஞ்சுக்கு முதல் இரண்டு வாரத்துக்கு நாலடி நீளம், மூன்றடி அகலம், ஒன்றரை அடி உயரம் தாராளம். பெரிய அட்டைப்பெட்டி, பழைய மரப்பெட்டி, வட்டமாகச் சுருட்டிய தகரத் தகடு எதுவும் சரி. சதுர மூலைகளில் அட்டையை வளைத்து வைத்து உருண்டையாக்கிவிடுங்கள், பயந்தாலோ குளிர்ந்தாலோ குஞ்சுகள் மூலையில்தான் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவியும், அடியில் மாட்டியது நசுங்கிச் செத்துவிடும்.

தரையில் நேரடியாக வைக்காதீர்கள். டைல்ஸும் சிமெண்டும் சூட்டை உறிஞ்சும், கீழே ஒரு பலகையோ இரண்டு சாக்கோ போட்டு அதன் மேல் பெட்டியை வையுங்கள். உள்ளே இரண்டு அங்குலத்துக்கு நெல் உமி அல்லது உலர்ந்த கடலைத் தோல். மரத்தூள் முதல் வாரம் வேண்டாம், தீனி என்று நினைத்துத் தின்னும். முதல் இரண்டு நாள் உமி மேல் சாக்கையோ நெளி அட்டையையோ விரித்துத் தீனியை அதில் தூவலாம். வழவழப்பான செய்தித்தாளை மட்டும் விரித்தால் கால் வழுக்கி வழுக்கி இரண்டு காலும் விரிந்துபோய் நிற்க முடியாத குஞ்சு உருவாகும்.

பல்புகள் பெட்டியின் ஒரு பக்கத்தில்தான் இருக்க வேண்டும், நடுவில் இல்லை. மறுபக்கம் குளிர்ந்த இடம். தண்ணீரும் தீனியும் இரண்டுக்கும் நடுவில், பல்புக்கு நேர் கீழே வேண்டாம். பெட்டியின் மேல்பக்கத்தை முழுதாக மூடாதீர்கள், சூட்டுப் பக்கம், பல்பு தொங்கும் இடத்தை விட்டுவிட்டு, பாதியை அட்டையால் மறைத்தால் போதும், அந்த அட்டைக்கும் பல்புக்கும் நடுவில் நல்ல இடைவெளி விடுங்கள். முழுக்க மூடினால் எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா உள்ளேயே தங்கிக் கண்ணைக் கெடுக்கும். குனிந்து முகர்ந்தால் உங்களுக்கு மூக்கு எரிகிறதென்றால் உமியை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

மாட்டும் வேலை, இதில் அவசரம் கூடாது

பல்பை அதன் வயரிலேயே தொங்கவிடுவதைத்தான் பல வீடுகளில் பார்க்கிறேன். வயர் சூட்டில் இளகி ஒரு நாள் கழன்றுவிடும். மேலே ஒரு குறுக்குக் கம்பி வைத்து, ஹோல்டரையும் அதன் தகரக் கூம்பையும் இரும்புச் சங்கிலியில் கொக்கி போட்டு மாட்டுங்கள். கூடவே தனியாக ஒரு கட்டுக்கம்பியால் இரண்டாவது பிடிமானம். சங்கிலி இருந்தால் உயரத்தை ஒரு கண்ணி இரண்டு கண்ணி என்று ஏற்றி இறக்கலாம், வாரா வாரம் சூட்டைக் குறைப்பதற்கு இதுவே போதும். தொடக்கத்தில் உமியிலிருந்து ஒன்றரை அடி உயரம் வையுங்கள். கவ்வி வகை ஹோல்டரைப் பெட்டி விளிம்பில் கவ்வ விட்டு நம்பிப் போகாதீர்கள், பூனை ஒரு தடவை உரசினால் போதும்.

ஹோல்டர் பீங்கானாக இருக்கட்டும். பல்பைச் சுற்றிக் கம்பிவலை ஒன்று போடுங்கள், மூன்றாம் வாரத்தில் குஞ்சு பறந்து மோதும். தண்ணீர்த் துளி பட்டால் சூடான கண்ணாடி வெடிக்கும், அதனால் தண்ணீர் மாற்றும்போது கொஞ்சம் கவனம். எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் தரையில் உமித்தூசிக்குப் பக்கத்தில் போடாமல் சுவரில் மாட்டுங்கள், அதே பெட்டியில் அயர்ன் பாக்ஸையும் மிக்ஸியையும் சொருகாதீர்கள். வீட்டு மெயினில் கசிவு மின் தடுப்பான் (மின்சாரம் கசிந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் கருவி) இருந்தால் நிம்மதி, இல்லையென்றால் இதைச் சாக்காக வைத்தாவது எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் போட்டுவிடுங்கள், வீட்டுக்கே நல்லது.

இன்குபேட்டர் (முட்டை பொரிக்கும் கருவி) செய்பவர்கள் வாங்கும் சின்ன டிஜிட்டல் தெர்மோஸ்டாட் ஒன்று இருந்தால் சூடு ஏறியதும் பல்பைத் தானே அணைக்கும், இறங்கியதும் போடும். இரண்டு பல்பில் ஒன்றை மட்டும் தெர்மோஸ்டாட்டில் இணைத்து, இன்னொன்றை நேராக எரிய விடுங்கள். கருவி கெட்டாலும் எல்லாம் ஒன்றாக நிற்காது. நேராக எரியும் பல்பு தனியாகப் பெட்டியை அதிகம் சூடாக்காத அளவில் இருக்க வேண்டும், பகலில் அறை சூடாகிவிட்டால் அதைக் கையால் அணைத்துவிடலாம்.

குஞ்சு வருவதற்கு முந்தின நாளே எல்லாவற்றையும் மாட்டி, ஓர் இரவு முழுக்க எரிய விட்டுப் பாருங்கள். விடியற்காலை நாலு, ஐந்து மணிக்கு வெப்பமானி என்ன காட்டுகிறது என்பதுதான் உண்மையான பரீட்சை.

குஞ்சைப் பார்த்துச் சூட்டைப் படிப்பது

வெப்பமானி ஒரு இடத்தின் சூட்டைத்தான் சொல்லும், குஞ்சு எல்லாவற்றையும் சொல்லும். பல்புக்கு அடியில் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டு, கீச் கீச்சென்று விடாமல் கத்தினால் குளிர். பல்பை விட்டு ஓரத்துக்குப் போய், இறக்கையைத் தொங்கவிட்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கச் சுவரை ஒட்டி நின்றால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது, கதவிடுக்கைப் பாருங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பரவி, சில தூங்கி, சில கொத்தி, மெதுவாகக் குசுகுசுவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தால் சூடு சரியாக இருக்கிறது.

சந்தேகமாக இருந்தால் ஒரு குஞ்சை எடுத்து அதன் பாதத்தை உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். ஜில்லென்றிருந்தால் தரை குளிர்கிறது, பல்பு சரியாக இருந்தாலும் அடியில் இன்னொரு சாக்கு வேண்டும். அப்படியே கழுத்துக்குக் கீழே தீனிப்பையையும் விரலால் தடவுங்கள். வந்து ஒரு நாள் ஆன குஞ்சுக்கு அது நிறைந்து மெத்தென்று இருக்க வேண்டும், காலியாக இருந்தால் குளிரில் ஒண்டியே கிடந்து சாப்பிடவில்லை என்று பொருள். பின்பக்கம் எச்சம் காய்ந்து ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து மெதுவாகத் துடைத்து, சூட்டை இன்னொரு முறை சரிபாருங்கள். சூடு சரியாகியும் கழிச்சல் நிற்காவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். குஞ்சைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுவதைப் பிள்ளைகளுக்கும் பழக்கிவிடுங்கள், கோழி எச்சத்தில் சால்மொனெல்லா இருக்கலாம்.

கரண்ட் செலவும், கரண்ட் போனால் என்ன என்பதும்

இரண்டு 60 வாட் பல்பு நாள் முழுக்க எரிந்தால் 2.88 யூனிட், வாரத்துக்கு 20 யூனிட் வரும். மூன்றாம் வாரத்திலிருந்து பகலில் அணைக்க ஆரம்பித்தால் பாதியாகக் குறையும். நாலு வாரத்துக்கும் சேர்த்துச் சுமார் 60 யூனிட்டில் முடித்துவிடலாம், சமவெளியில் கோடையென்றால் இன்னும் குறைவு. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு ஒரு குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம் என்றாலும், வீட்டு உபயோகம் ஏற்கெனவே அதைத் தாண்டியிருக்கும் என்பதால் இந்த 60 யூனிட் உங்கள் கடைசிப் படி விலையில்தான் சேரும். பழைய பில்லை எடுத்து எந்தப் படியில் இருக்கிறீர்கள் என்று பார்த்துக் கணக்குப் போடுங்கள்.

மின்சாரம் போகும் என்று எடுத்துக்கொண்டே திட்டமிடுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் ஒரு பல்பை மட்டும் அந்த லைனில் கொடுங்கள், நல்ல நிலையில் உள்ள பேட்டரி 60 வாட்டை இரவு முழுக்கத் தாங்கும். இல்லாதவர்கள் பிளாஸ்டிக் பாட்டிலில் சுடுதண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்கி, துணியால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பெட்டியின் சூட்டுப் பக்கத்தில் படுக்க வையுங்கள், உருளாதபடி உமியை அணைத்து விடுங்கள். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், பாட்டில் சுருங்கிப் பிதுங்கும். மேலே ஒரு மெல்லிய சாக்கைப் போட்டு, ஒரு ஓரத்தில் மூச்சுக்கு இடம் விடுங்கள். தண்ணீர் ஆற ஆற மாற்ற வேண்டும். மெழுகுவர்த்தியும் மண்ணெண்ணெய் விளக்கும் பெட்டிப் பக்கமே வரக் கூடாது.

சூட்டை நிறுத்துவது

மூன்றாம் வாரத்தில் பகலில் பல்பை அணைத்துவிட்டு அரை மணி நேரம் பாருங்கள். கூட்டமாக ஒண்டாமல் ஓடி விளையாடினால் பகல் சூடு இனித் தேவையில்லை. இரவுச் சூட்டை இன்னும் ஒரு வாரம் விடுங்கள், மழைக்காலத்திலும் மலைப்பகுதியிலும் இரண்டு வாரம்கூட ஆகலாம். முதுகிலும் கழுத்திலும் தூவி போய் இறகு மூடிவிட்டதா என்று கையில் எடுத்துப் பாருங்கள், வாரக் கணக்கைவிட அது நம்பகமானது. வெளிக்கூண்டுக்கு மாற்றும் முதல் இரண்டு இரவு ஒரு 40 வாட் பல்பை மட்டும் ஒரு மூலையில் போட்டு வையுங்கள். குஞ்சுகள் அதன் பக்கம் போகாமலே தூங்கினால் மூன்றாம் இரவு கழற்றிவிடலாம்.